மேட்டுக்கொல்லைத் தண்ணீர்

வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேட்டைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் வறண்ட பூமி என்றே நினைப்பார்கள். மழை விட்ட மறுநாளே காலில் ஒட்டாத மண். முந்திரி, சவுக்கு, பனை, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். நான் பிறந்தது செஞ்சிப் பக்கம், பாறை பூமி. அங்கே கிணறு வெட்டுவதென்றால் தோட்டா வைக்க வேண்டும். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான், கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கிணறு எடுத்து, உறை இறக்கி, முப்பது அடிக்குள் தண்ணீர் பார்க்க முடியும் என்று தெரிந்துகொண்டேன். மேட்டுக்கொல்லையில் பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கி, சரிவில் இருக்கிற எங்கள் கிணறுகளுக்கு மெல்ல வந்து சேரும். "கார்த்திகை மழையத்தான் மாசியில எறைக்கிறோம்" என்று என் மாமியார் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் எந்த மாதம் கிணற்றில் எந்தப் படி வரைக்கும் தண்ணீர் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அதை நம்பித்தான் நவரைப் பட்டத்துக்கு எவ்வளவு நெல் நடுவது, எவ்வளவு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவது என்று முடிவு செய்வார்.

இந்த மண்ணுக்கு வயது அதிகம். எங்களுக்கு மேற்கே திருவக்கரை இருக்கிறது. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே கல்மரப் பூங்காவையும் பார்த்துவிட்டு வருவார்கள். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் மணலிலும் சரளையிலும் புதைந்து கல்லாகிப்போனவை அவை. அந்த மரங்களை மூடிய அடுக்குதான் எங்கள் கொல்லைக்கு அடியிலும் இருக்கிறது. கடலூர் மணற்கல் என்று அதற்குப் பெயர். தெற்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருந்து அழுத்தத்தோடு மேலே தள்ளுகிற தண்ணீரும் இதே அடுக்கில் இருப்பதுதான். அங்கே அதை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். எங்கள் பக்கம் அந்த அடுக்கு தரைக்கு மேலேயே தெரிகிறது. மழை உள்ளே போகிற வாசல் இங்கேதான் இருக்கிறது.

இதையெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளும்படி ஆனது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்தது. காற்று நின்று வெளியே வந்தபோது மேட்டுக்கொல்லையில் நிமிர்ந்து நின்ற முந்திரி மரம் ஒன்றுகூட இல்லை. பெரிய மாமாவின் தோப்பு அது. என் மாமனாருக்கு அண்ணன். அவருடைய அப்பா வைத்த மரங்கள் வேரோடு பெயர்ந்து கிடந்தன. முந்திரி புதிதாக வைத்தால் ஒழுங்காகக் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். மாமாவுக்குக் கூட்டுறவு வங்கியில் கடன் இருந்தது. கடைசிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த மரங்களை விறகுக்கு விற்றுக் கொஞ்ச காலம் ஓட்டினார். அதன் பிறகுதான் கிராவல் என்கிற செம்மண் சரளை எடுக்க நிலம் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

மாமாவைப் பேராசைக்காரர் என்று ஊரில் பலர் இன்றைக்கும் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "அம்மாடி, மரம் பூடுச்சு. மண்ணாவது சோறு போடட்டும்" என்றார். "மேல் மண்ணை மட்டும் எடுத்துட்டு, சமப்படுத்திக் குடுத்துடுவாங்களாம். திரும்ப முந்திரி வெச்சிக்கலாம்" என்றும் சொன்னார். அவர் அதை நம்பினார். அவரிடம் சொன்னவர்கள் அதை நம்பிச் சொல்லியிருக்க முடியாது.

முதல் வருஷம் தூசிதான் பிரச்சினை. நாற்றின் மேல் செம்மண் படியும். டிப்பர் லாரிகள் ஏரிக்கரைப் பாதையைப் பள்ளமாக்கின. கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிராவலை யூனிட் கணக்கில் விற்றார்கள். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. நான்குவழிச் சாலைகளுக்கும், தாழ்வான வயல்களை மனையாக்குகிறவர்களுக்கும் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் மேடு குறைந்தது. எங்கெங்கோ வேறு மேடுகள் எழுந்தன.

அதற்கு அடுத்த வருஷம்தான் பள்ளம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போனது. அனுமதித் தாளில் இருந்த ஆழம் ஒன்று, நேரில் தோண்டிய ஆழம் ஒன்று. ஒருநாள் மாடு தேடிப் போனபோது பள்ளத்தின் சுவரைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேலே இரண்டடிக்குக் கருஞ்சிவப்பு மேல்மண், அதில் பழைய முந்திரி வேர்கள் அறுபட்டுத் தொங்கின. அதற்குக் கீழே இரண்டு ஆள் உயரத்துக்கு, துரு நிறத்தில் இறுகிய சரளை. அப்புறம் கூழாங்கல் வரிசை, வெள்ளையும் பழுப்புமாக, சில கோழிமுட்டை அளவு. அதற்கும் அடியில் வெளுத்த களி. கூழாங்கல் முடிந்து களி தொடங்குகிற கோட்டில், பள்ளத்தின் சுவர் நெடுகிலும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஒரு கூழாங்கல்லைப் பிடுங்கினேன். அந்தக் குழியில் இருந்து தெளிவான தண்ணீர் புறப்பட்டு என் மணிக்கட்டு வழியாக ஓடியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் ருசி.

கீழே டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பொக்லைன் சேற்றில் இறங்காமல் இருக்க, ஊறுகிற தண்ணீரை ஓடைக்கு இறைத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ராத்திரியிலும் நிற்காது. எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தால் கேட்கும்.

பள்ளத்துக்கு மிக அருகில் இருந்தது மாமாவின் சொந்தக் கிணறுதான். முதலில் வற்றியதும் அதுதான். குடத்தை எடுத்துக்கொண்டு பெரிய மாமியார் எங்கள் மோட்டார் கொட்டகைக்கு வந்து நின்றபோது இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த கோடையில் எங்கள் கிணறு. ஐந்து குதிரைத்திறன் மோட்டார், முன்பெல்லாம் மும்முனை மின்சாரம் இருக்கிற நேரம் முழுக்க ஓடும். இப்போது முக்கால் மணி நேரத்தில் காற்றை உறிஞ்ச ஆரம்பித்தது. நவரை கதிர் வாங்குகிற சமயம். பாதி வயலைக் காப்பாற்ற, பாதி வயலை விட்டோம். விட்ட பாதியில் மாட்டை அவிழ்த்துவிட்டார் என் வீட்டுக்காரர். அத்தை, என் மாமியார், அன்றைக்குச் சாப்பிடவில்லை. விளைந்த பயிரில் மாடு மேய்வதை அவர் ஆயுளில் பார்த்ததில்லை.

எங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனை சொன்னார்கள்: போர் போடு. போட்டவர்கள் போட்டார்கள். முன்னூறு அடி என்றார்கள், அப்புறம் அதுவும் போதவில்லை என்றார்கள். ஒரு ஆழ்துளைக் கிணறு போடுகிற செலவு எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஒரு பெண்ணின் கல்யாணச் செலவு. ஆழத்தில் தண்ணீர் கிடைத்தாலும் எனக்கு அது நிம்மதி தரவில்லை. கிழக்கே கடல் அதிக தூரத்தில் இல்லை. எல்லாரும் ஆழத்தில் இருந்து இழுத்துக்கொண்டே இருந்தால், உப்பு உள்ளே ஏறுகிற நாள் வரும்.

2015 கார்த்திகையில் கொட்டிய மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். கிணறு மேல்படி வரை நிறைந்தது. பள்ளமும் ஏரி போல நிறைந்தது. "பார்த்தீங்களா, உங்களுக்கு நாங்க ஒரு குளமே வெட்டிக் குடுத்துட்டோம்" என்று குவாரி மேஸ்திரி சொன்னார். ஊரிலும் சிலர் அதை நம்பினார்கள். இந்தப் பேச்சை இன்றைக்கும் பல ஊர்களில் கேட்கலாம், அதனால் இதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும். சரளைக்குள் இருக்கிற தண்ணீர் மெல்ல நகரும், வெயில் படாது, மேட்டில் உயரமாகத் தேங்கி நின்று சரிவுக் கிணறுகளை நோக்கி வரும். திறந்த பள்ளத்தில் தண்ணீர் ஒரே மட்டத்தில் படுத்துக்கொள்ளும். மேட்டில் முன்பு இருந்த உயரம் போய்விடுகிறது, அந்த உயரம்தான் எங்களுக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது. பள்ளத்தின் மட்டம் கிணற்றைவிடத் தாழ்ந்தால் கிணற்றுத் தண்ணீர் அங்கே திரும்பும். கோடை முழுக்க வெயில் குடிக்கும். வண்டல் படிந்து அடிப்பகுதி அடைத்துக்கொள்ளும். போதாதற்கு, மழை விட்டதும் மறுபடியும் மண்ணெடுக்க அவர்களே இறைத்துக் கொட்டிவிடுவார்கள். அந்த வருஷமும் அதுதான் நடந்தது. தை கடைசிக்குள் எங்கள் கிணற்றில் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விட்டது.

அடுத்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அது குவாரி மேல் நாங்கள் கொடுத்திருந்த புகாரைக் கெடுத்துவிட்டது. அந்தப் புகாருக்காக அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் நாங்கள், இன்னொரு பக்கம் குத்தகைதாரரின் ஆட்கள், நடுவில் அதிகாரி. "மாநிலம் முழுக்க வறட்சி. உங்க கிணறு மட்டும் குவாரியாலதான் வத்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? முன்னாடி எவ்வளவு தண்ணி இருந்துச்சுன்னு உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு?" என்று அவர் கேட்டார். அத்தை எழுந்து நின்று, ஏழாவது படி வரைக்கும் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும் என்று சொன்னார். அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. அவர் மேசையில் இருந்த காகிதங்களில் எத்தனை நடை, எத்தனை யூனிட், அரசுக்கு எவ்வளவு கட்டணம் வந்தது என்பதெல்லாம் இருந்தது. சுற்றி இருக்கிற கிணறுகள் எத்தனை, அவற்றில் எவ்வளவு தண்ணீர் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை.

அரசாங்கம் தண்ணீரை அளக்காமல் இல்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை கண்காணிப்புக் கிணறுகளில் மட்டம் பார்க்கிறது. அப்போது பிர்க்கா வாரியாக மதிப்பீடு வந்தது. ஒரு பிர்க்காவில் பல ஊர்கள். ஒரு பள்ளம் தன்னைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்கு என்ன செய்கிறது என்பது அந்தச் சராசரியில் கரைந்துபோகும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சணல் கயிறு ஒன்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டினேன். பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில் மிச்சம் இருந்த பக்கங்களை எடுத்துக்கொண்டேன். எங்கள் கிணறு, அதற்குக் கீழ்ச்சரிவில் இரண்டு கிணறுகள், ஏரிக்கு அந்தப்பக்கம் பள்ளத்தில் இருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஒரு கிணறு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அளப்பது என்று வைத்துக்கொண்டேன், மறக்காது என்பதற்காக. காலையில் மோட்டார் போடும் முன் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் நாமே இறைத்த தாழ்வு கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒரு மழைக்காலம் கடந்ததுமே நோட்டு பேச ஆரம்பித்தது. மார்கழியில் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் தரையில் இருந்து பன்னிரண்டு, பதினான்கு அடிக்குள் இருந்தது. மாசி முடிவில் ஏரிக்கு அந்தப்பக்கக் கிணறு நான்கடிதான் இறங்கியிருந்தது. எங்கள் கிணறு பதிமூன்று அடி இறங்கியிருந்தது. இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே வெயில், ஒரே மல்லாட்டைப் பாய்ச்சல். நடுவில் இருந்த கிணறுகள் தூரத்துக்கு ஏற்றபடி நடுவில் நின்றன.

இதைவிடத் தெளிவான சாட்சி ஊரடங்கில் கிடைத்தது. 2020 மார்ச் 25-இல் நாடே அடைபட்டது. லாரி நின்றது, பொக்லைன் நின்றது, டீசல் இன்ஜினும் நின்றது. அந்த மௌனத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பங்குனி வெயில், சொட்டு மழை இல்லை. ஆனாலும் சித்திரை அமாவாசைக்குக் கயிறு இறக்கியபோது எங்கள் கிணற்றில் நான்கடி தண்ணீர் ஏறியிருந்தது. திரும்ப இறக்கிப் பார்த்தேன். சித்திரை மாதத்தில் மழையில்லாமல் கிணறு ஏறுவதை அத்தைகூடப் பார்த்ததில்லை. பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், அங்கே இறைப்பு நின்றதும் திரும்பி வந்திருந்தது. தளர்வு வந்து இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அந்த நான்கடியும் போனது.

ஊர் அடைபட்டிருந்த அந்த வாரத்திலேயே, மார்ச் 28-ஆம் தேதி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சாலை, குழாய் போன்ற நீள்வழித் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை என்றது அது. பொதுமக்களிடம் ஆட்சேபம் கேட்கவில்லை. நான்கு வருஷம் கழித்து, 2024 மார்ச் 21-இல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. எந்தத் திட்டம், எவ்வளவு மண், என்ன பாதுகாப்பு என்று எதையும் வரையறுக்காமல் கொடுத்த விலக்கு என்று சொன்னது. சரியான தீர்ப்பு. ஆனால் அந்த நான்கு வருஷத்தில் எடுத்த மண்ணை யாரும் திருப்பிக் கொண்டுவந்து போட முடியாது.

அனுமதி வாங்குகிற இடத்திலும் எங்களுக்கு வாய் இல்லை. 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொன்னது. அது பெரிய காரியம். ஆனால் தனியாக இருக்கிற சின்னக் குவாரிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. ஐந்து ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 12 ஏக்கர் 35 சென்ட், எங்கள் ஊரில் அது நான்கு குடும்பத்தின் சொத்து. அனுமதியில் போடுகிற நிபந்தனைகளில், பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று இருக்கும். வரப்பு சரியாமல் இருக்க அது போதும். கிணற்றுக்கு அது எந்தப் பாதுகாப்பும் இல்லை. நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடக்கூடாது என்றும் எழுதியிருக்கும். நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று யார் அளந்தார்கள்? எந்த மாதத்தில்? மார்கழியிலும் வைகாசியிலும் அது ஒன்றா?

நானே ஒரு கணக்குப் போட்டேன். ஐந்து ஹெக்டேரில் பத்து மீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்தால் 5 லட்சம் கன மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் தங்கும் என்று குறைத்தே வைத்தாலும் 5 கோடி லிட்டர். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நிறைந்து ஒவ்வொரு கோடையிலும் எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த இடம் அது. அந்த மண்ணுக்கு விலை போட்டவர்கள், அது வைத்திருந்த தண்ணீருக்கு ஒரு பைசாவும் விலை போடவில்லை.

நவரை நடுவதை நாங்கள் விட்டுவிட்டோம். மானாவாரி மல்லாட்டையும் உளுந்தும்தான். மைத்துனர் புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். நடவுக்கு வந்துகொண்டிருந்த காலனிப் பெண்களுக்கு நிலமும் இல்லை, கிணறும் இல்லை, அதனால் எந்த மனுவிலும் அவர்கள் பெயர் இல்லை. வேலை போனது முதலில் அவர்களுக்குத்தான். இப்போது விடியற்காலையில் வேன் ஏறிக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அத்தை 2021-இல் காலமானார். பெரிய மாமா இருக்கிறார். குத்தகை முடிந்து, குவாரிக்காரர்கள் சமப்படுத்தாமலேயே போய்விட்டார்கள். வேலிகூடப் போடவில்லை. அவர் தன் நிலத்தைப் பார்க்கப் போவதில்லை. குவாரிக்கு எதிரான மனுவில் முதல் கையெழுத்து அவருடையதுதான், நான் கேட்காமலே போட்டார்.

கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஆரோவில் இருக்கிறது. 1968-இல் அது தொடங்கியபோது அந்த மேடும் மரமில்லாத செம்மண் பொட்டலாக, மழைநீர் அறுத்த ஓடைகளோடு கிடந்தது. மழை பெய்தால் மண்ணோடு கடலுக்கு ஓடும். அங்கே வந்தவர்களும் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களும் வரப்புக் கட்டி, தடுப்பணை போட்டு, மரம் வைத்து, மழையை விழுந்த இடத்திலேயே இறக்கினார்கள். இன்றைக்கு அது காடு. இதே செம்மண்தான். இந்த மண்ணை என்ன செய்யலாம் என்பது தெரியாத விஷயமில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் எங்கள் மேலேயே நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். வயலும் வழியும் தெரியவில்லை. அப்படி ஒரு மழைக்குப் பிறகும், அடுத்த பங்குனியில் எங்கள் கிணறு இருபத்தைந்து அடிக்குக் கீழே போனது. ஏரிக்கு அந்தப்பக்கக் கிணற்றில் பதினேழு அடியில் தண்ணீர் இருந்தது.

இப்போது மேட்டின் வடக்குப் பக்கத்தில் இன்னொரு நிலத்துக்குக் கிராவல் எடுக்க விண்ணப்பம் போயிருக்கிறது. கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டோம். ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நோட்டின் நகலைக் கொடுத்தேன். அனுமதி கொடுப்பதற்கு முன் சுற்றுவட்டாரக் கிணறுகளை ஒரு முழு வருஷம் அளக்க வேண்டும், அந்தக் கணக்கு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும், கிணறு இறங்கினால் குவாரி நிற்க வேண்டும் என்று மனுவில் எழுதியிருக்கிறேன். விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. அந்த நிலத்தைச் சுற்றி இருக்கிற கிணறுகளில் நாங்களே அளக்கத் தொடங்கிவிட்டோம். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள் கயிறு பிடிக்க வருகிறார்கள். முன்னாடி எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று இந்த முறை யாராவது கேட்டால், தேதியோடு காட்டுவதற்கு எங்களிடம் நோட்டு இருக்கிறது.